பாம்புக்குச் சொன்ன கெடு

ஒரு மலைப்பாம்பை விலைக்கு வாங்கலாமா வேண்டாமா என்று நான் மூன்று நாள் யோசித்தேன். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்று, பதுளை நகரத்தின் ஓரத்தில் மூன்று அறை வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். அவள் அதே தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தவள். எதற்கும் பயப்படாதவள். அவள் பங்குப் பயத்தையும் நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி, ஓர் ஆகஸ்ட் மாதம். செவ்வாய்க்கிழமை காலையில் முழங்கால் வீக்கத்துக்கு மருந்து கேட்டு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வருடத்துக்கு ஒருமுறை ஓயா ஆற்றங்கரையில் கூடாரம் போடும் பாம்பாட்டிக் குடும்பங்களைச் சேர்ந்தவள். தோளிலிருந்த சாக்கை இறக்கி வைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அதுல என்னம்மா?" என்றேன்.

"எங்க வீட்டு ஆளுதான் ஐயா" என்று முடிச்சை அவிழ்த்தாள்.

நான் நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்தினேன். என் மனைவி இரண்டடி முன்னால் வந்தாள்.

காய்ந்த வாழைச்சருகின் நிறத்தில், ஈரமண் நிறத் திட்டுகளோடு அது சிமெந்துத் தரையில் விரிந்தது. தையல் நாடாவால் அளந்தோம். ஒன்பதடி நாலு அங்குலம். அந்தப் பெண்ணைப் பாம்போடும் பாம்பில்லாமலும் எடை மெஷினில் நிற்க வைத்துக் கழித்துப் பார்த்தேன். பதினாலு கிலோ. வாலின் தொடக்கத்தில் இரண்டு சிறிய நகங்கள் இருந்தன. எப்போதோ இருந்த கால்களின் மிச்சம் என்று படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான். கடிகாரத்தை வைத்து அதன் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு நாலு. எனக்குப் பதினெட்டு. எத்தனையோ நோயாளிகளின் மூச்சை எண்ணியிருக்கிறேன். இவ்வளவு நிதானமாக மூச்சு விட்ட ஒருவரையும் கண்டதில்லை.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு இனிமே இதச் சுமக்க முடியாதுங்க" என்றாள் அவள். "எல்ல ஊரு ரோட்டு ஹோட்டல்காரரு வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கிறேங்கிறாரு. கண்ணாடிப் பெட்டியில வைப்பாராம், வெள்ளக்காரங்க படம் பிடிக்க. எனக்கு மனசு வரல. நீங்க எடுத்துக்குங்க ஐயா."

"எடுத்துக்குவோம்" என்றாள் என் மனைவி.

அவளை உள்ளே கூப்பிட்டேன். "இத வச்சுக் காப்பாத்த முடியுமா?"

"உங்கள வச்சுக் காப்பாத்தலையா? அது மாசத்துக்கு ஒரு கோழி தின்னுட்டுச் சும்மா கெடக்கும். நீங்க ஒரு நாளைக்கு ஆறு தடவ டீ கேக்குறீங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணை அனுப்பினேன். பிறகு வீட்டைச் சுற்றி வந்தேன். ஜன்னல்கள் ஏழு, கூரையில் ஓடு விலகிய இடங்கள் ஒன்பது, பக்கத்து வீட்டுக் கோழிகள் பதினொன்று. வனஜீவராசித் திணைக்களத்தார் கேட்டால் என்ன சொல்வது? தபால்காரர் வந்தால்? இத்தனையையும் எண்ணிவிட்டுப் படுத்தால் கண்ணுக்குள் அந்த நாலு மூச்சுத்தான் நின்றது. வியாழக்கிழமை அவள் சாக்கோடு திரும்பி வந்தபோது சரி என்றேன்.

"அப்ப ஒரு கெடு இருக்கு ஐயா" என்றாள்.

அவர்கள் வழக்கத்தை அப்போதுதான் அறிந்தேன். பாம்பைப் பிடிக்கிறவர் அதன் தலையைத் தொட்டு, இத்தனை காலம் எங்களோடு இரு, பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுப்பாராம்.

"பிடிச்சது என் வீட்டுக்காரரு. மொனராகலைக்கு இங்கிட்டு ஒரு பெரிய கல்லு இருக்கு, அதுக்கிட்ட. நாலு வருசப்பொறப்புன்னு சொன்னாரு. மூணு ஆச்சு. அவரு போயிட்டாரு. வாக்கு என் தலையில நிக்குது. எடுக்கிறவங்க அது தலையத் தொட்டுச் சொல்லணும்."

"ஹோட்டல்காரருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சரி சரின்னு சிரிச்சாரு."

அடுத்த சித்திரை வருடப்பிறப்புக்கு எட்டு மாதம். எனக்கு நெஞ்சுவலிக்கு நாளொன்றுக்கு மூன்று மாத்திரை. எட்டு மாதத்துக்கு என்னைப் பற்றி யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கத் தயாராயில்லை. நான் போய்விட்டால் ஒரு செத்த மனிதரின் வாக்கு இன்னொரு செத்தவன் தலையில் நிற்கும்.

"நான் இருக்கேன்ல?" என்றாள் மனைவி.

"உன் பிரஷர் நூற்றி அறுபது."

"அதையும் எண்ணி வச்சிருக்கீங்களா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் அதற்குள்ளேயே சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துவிட்டாள். அந்தக் கையைப் பார்த்ததும் வேறொன்று கேட்டேன்.

"கெடுவைக் குறைக்கலாமா?"

அவள் யோசித்தாள். "நீட்டக் கூடாது. கொறைக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல."

பாம்பின் தலையில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சியாக, உலர்ந்து, மிக அமைதியாக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை" என்றேன்.

ஹோட்டல்காரர் சொன்ன விலையையே கொடுத்தோம்.

"மூணு நாளைக்குப் பாம்பு வாங்குன மனுசன் நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி அன்று முழுவதும் சிரித்தாள். ஆனால் குளியலறையில் தகரத் தொட்டியில் தண்ணீர் வைத்தவளும், அது துணிக்கம்பியில் ஏறிச் சுற்றிக்கொண்டபோது எதிரில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கியவளும் அவள்தான். நான் அதன் திட்டுகளை எண்ண முயன்றேன். முப்பதைத் தாண்டும்போதெல்லாம் அது ஒரு மடிப்பை மாற்றிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். எனக்கு அலுக்கவேயில்லை.

ஞாயிறு காலை, இடம் காட்ட வந்த அந்தப் பெண்ணோடு மூவரும் பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். "வீட்டுச் சாமான்" என்றாள் மனைவி. இறங்கிய இடத்திலிருந்து கல் வரை அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்தோம். நான் நாலு தடவை நின்றேன். சாக்கைச் சுமந்த என் மனைவி ஒரு தடவையும் நிற்கவில்லை.

சாக்கை அவிழ்த்தும் அது போகவில்லை. பதினோரு நிமிடம் அப்படியே கிடந்தது. காட்டை மறந்துவிட்டதோ என்று மறுபடி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு தலை கல்லின் இடுக்கைப் பார்த்துத் திரும்பியது. தெமோதரைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைவதுபோல, ஒன்பதடியும் அவசரமில்லாமல் உள்ளே போனது.

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

"பாம்புகிட்டயா பேசுனீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லம்மா, அவருகிட்ட. கொண்டாந்து விட்டாச்சுன்னு சொன்னேன்."

பிறகு வீங்கிய காலை நீட்டி அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. நான் அவளை அவசரப்படுத்தவில்லை.