பொன்னியின் முதுகும் ஒரு சொட்டு மருந்தும்

ஆறு கிழமைக்கு முன்பு எங்கள் வீட்டுப் பூனை பொன்னி, தன் முதுகைத் தானே தின்னத் தொடங்கினாள்.

மிகைப்படுத்தவில்லை. நக்குவது, கடிப்பது, சொறிவது – இதுதான் முழுநேர வேலை. வால் தொடங்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு மயிர் உதிர்ந்து, சிவந்த பொருக்குகள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் சில்க்போர்க் நகரில் தெரிந்தவர்கள் எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை... இந்த ஊரில் வேப்பிலைக்கு எங்கே போவது?

நண்பர் சிவா அண்ணை மட்டும் கையோடு மருந்து கொண்டுவந்தார். அவர் வீட்டில் நாய் இருக்கிறது.

"இது தெள்ளுப் பூச்சிக் கடிதான், தம்பி. என்ர நாய்க்கு விடுற சொட்டு மருந்து. பிடரியில விடும், ரெண்டு நாளில சரி."

அவர் போனதும் பொன்னியை மடியில் அமுக்கிப் பிடித்து, மருந்துக் குழாயின் மூடியைத் திருகினேன்.

"நில்லுங்கோ!"

மனைவி கௌரி. முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே மருந்து கொடுப்பது அவள் பொறுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துப் பெட்டியை வாங்கினாள். பொடி டேனிஷ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ஒரு பக்கம் முடிந்து மறு பக்கம்...

"அண்ணை தெரியாமலா தந்தவர்?" என்றேன் எரிச்சலோடு.

"பூனைக்கு விடக் கூடாதெண்டு போட்டிருக்கு. மூடுங்கோ."

மறுநாள் மிருக வைத்தியரிடம் போனோம். அவர் நெருக்கமான பல் வைத்த சீப்பால் முதுகை வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். சிவப்பாகக் கரைந்தது. தெள்ளு குடித்த இரத்தத்தின் எச்சமாம்! நோயைச் சிவா அண்ணை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பொன்னிக்குத் தெள்ளுக் கடி ஒவ்வாது. ஒன்றிரண்டு கடித்தாலே போதும்.

பிறகு அந்தப் பெட்டியைக் காட்டி, விடப்போய் கடைசி நேரத்தில் நிறுத்தியதைச் சொன்னேன். வைத்தியரின் முகம் மாறியது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. வலிப்பு வரும், உயிரே போகலாம் என்றார். "யார் தடுத்தது?"

கௌரிக்குத் தன் டேனிஷ் உச்சரிப்பில் எப்போதும் கூச்சம். வங்கியோ நகரசபையோ, போன் எடுத்துக் கதைப்பது நான்தான். அன்றும் என் பின்னால்தான் நின்றாள். கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"என் மனைவி!"

குரல் கொஞ்சம் உரத்துவிட்டது... இருக்கட்டுமே!

பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து, மாதம் ஒருமுறை. விரிப்புகளுக்கு வெந்நீர். சோபா இடுக்கு வரை வாக்குவம் கிளீனர் – தெள்ளின் முட்டைகள் அங்கேதான் கிடக்குமாம். பொன்னியின் முதுகில் இப்போது பஞ்சு மாதிரி மயிர்.

எல்லாரும் நல்ல மனதோடுதான் மருந்து தருகிறார்கள். ஆனால் நல்ல மனதைப் பெட்டியில் அச்சடிப்பதில்லையே!

விஷயம் தெரிந்து சிவா அண்ணை பதறிப்போனார். நேற்று வந்தார். பை நிறைய அவருடைய பிரஷர் மாத்திரைகள்.

"தங்கச்சி, இதுகளையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லம்மா."

கௌரி வாசித்தாள். நான் தேத்தண்ணி ஊற்றினேன் – நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு!