கண்ணாடியில் ஓடாத கரண்ட்

கொரியாவில் யார் எது கேட்டாலும் நான் 'கென்சனாயோ' என்றுவிடுவேன். 'பரவாயில்லை' என்று அகராதி சொன்னது. ஒருநாள் கடைக்காரர் பை வேண்டுமா என்று கேட்டிருப்பார் போல. தக்காளியைத் துப்பட்டாவில் ஏந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

தேஜான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. துத்தநாக ஆக்சைடைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைக்கவேண்டும். கண்ணாடி தெளிவாகவும் இருக்கவேண்டும், அதன்மேல் மின்சாரமும் ஓடவேண்டும். செஞ்சியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் செல்வி அக்காவிடம் இதை முதன்முதலில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜிங்க் ஆக்சைடா? வேர்க்குருக்குப் பூசற லோஷன்ல இருக்குதே, அதானடி? இதுக்கா கொரியா வரைக்கும் போவணும்? சித்திரைல நம்ம ஊருக்கு வந்து பாரு, பாதிப் பேரு அத்த பூசிக்கினுதான் சுத்தறாங்க." பாறைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர், கோடையில் அவள் கடையில் அந்த பாட்டில்தான் முதலில் தீரும்.

அவள் சரக்கைப் பூசினால் போதும். என்னுடையதற்குச் செல்லம் அதிகம். காற்றை வெளியேற்றிய உலோகக் கலத்துக்குள் ஆக்சிஜன் சற்றே கூடினால் படலம் பளிங்குபோல இருக்கும், கரண்ட் ஓடாது. குறைந்தால் கரண்ட் ஓடும், கண்ணாடி கறுத்துப்போகும். கண்ணாடியின் சூடும் கொஞ்சம்கூடப் பிசகக்கூடாது. ஆனாலும் எனக்கு அது நன்றாகவே வந்துகொண்டிருந்தது, மழைக்காலம் தொடங்கும்வரை. அதன்பிறகு மூன்று வாரம், எடுத்த கண்ணாடியெல்லாம் தெளிவு. ஒன்றிலும் கரண்ட் இல்லை. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது என்று பேராசிரியர் மிகப் பணிவாகச் சொன்னார்.

"வரலன்னா இன்னா? வந்துடு," என்றாள் அக்கா போனில். பிறகு, "வரட்டும்னுதான் வேண்டிக்கிறேன்," என்றாள். இரண்டும் உண்மை என்று குரலிலேயே தெரிந்தது.

கருவிகளைக் கவனிக்கும் பார்க் என்ற பெரியவரிடம் கடைசியில் போய் நின்றேன்.

"மழை தொடங்கிய வாரம் துடைப்பதற்காகக் கலத்தைத் திறந்து மூடினோமே, அப்புறம் சூடேற்றிக் காயவைத்தீர்கள்தானே?"

அவர் திகைத்தார். "காயவைக்கட்டுமா என்று கேட்டேன். நீங்கள்தான் கென்சனாயோ என்றீர்கள், அப்படியென்றால் வேண்டாம் என்றுதானே?"

ஆகட்டும் என்று சொன்னதாகவல்லவா நினைத்திருந்தேன்! மழை ஈரம் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நானும் குனிந்தேன். தலைகள் முட்டிக்கொள்ளாதது அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் கலத்தைச் சூடேற்றிக் காயவைத்தோம். அடுத்த கண்ணாடியில் மீட்டர் முள் துள்ளி எழுந்தது. பார்க் கைதட்டினார். அந்த வாரமே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டேன்.

"சந்தோஷம்டி," என்றாள். பிறகு கடை ஷட்டரை இறக்கும் சத்தம். "மாடில உனக்குன்னு ஒரு ரூம் கட்டி வச்சேன். பெயிண்ட்டும் அடிச்சாச்சு. நீதான் இப்ப வரமாட்டியே, வாடகைக்கு உட்டுடட்டா?"

"வேணாம்," என்றேன் அவசரமாக. "பூட்டியே வை அக்கா."

"இன்னாடி, அங்க கையெழுத்துப் போட்டுட்டு?"

"எந்தப் பக்கம் ஜன்னல் வச்சிருக்குற?" என்று கேட்டேன்.