இருவருக்கான காற்று

என் வண்டியின் பின்பக்க சஸ்பென்ஷனில், குலுக்கலைத் தாங்கும் பாகத்தில், காற்றை நாமே ஏற்றி இறக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கென்று செய்யப்பட்ட கனமான பைக்; பணி ஓய்வு பெற்றபோது பழையதாக வாங்கினேன். தனியாகப் போனால் காற்றழுத்தம் பத்து, பின்னால் மனைவி உட்கார்ந்தால் இருபத்தைந்து. பக்கப் பெட்டிக்குக் கீழே இருக்கும் சிறு வால்வில் கைப்பம்பின் குழாயைத் திருகி நான் அடிப்பேன். அவள் பம்பிலுள்ள முள்ளைப் பார்த்து எண் சொல்லுவாள். அடித்து முடித்ததும் தேதி, அழுத்தம், காரணம் என மூன்று கட்டமும் நோட்டில் நிரப்புவேன்.

மாசியில் மகளின் பிரசவத்துக்காக அவள் கனடா போனாள். போவதற்கு முந்தின நாள் நூம்பலில் அவளுடைய அக்காவிடம் சொல்லிக்கொள்ள வண்டியில் போய் வந்தோம். வந்தபின் நான் காற்றைக் குறைக்கவில்லை. ஆடியில் திரும்பிவிடுவாள் என்ற எண்ணம். ஆடி என்றது புரட்டாசி ஆயிற்று. பிறகு "பாப்போம்" ஆயிற்று. தினமும் போனில் முதல் கேள்வியாக "டிக்கெட் போட்டாச்சா?" என்பேன். அவள் சொன்ன பதிலும் அதே நோட்டில் இருக்கிறது.

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டு வீட்டில் காலையில் எனக்கு வேறு வேலை அதிகமில்லை. காற்றை அளக்க ஆரம்பித்தேன். முதல் நாள் இருபத்து நான்கு, அடுத்த நாள் இருபத்து மூன்று. கசிவின் வேகம் தெரியட்டும் என்று அடிக்காமல் அளந்து மட்டும் வந்தேன். பதினாறுக்கு வந்ததும் பயம் பிடித்தது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுப் பொருள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்குள் அவள் வந்துவிட்டால்?

பூந்தமல்லியில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"லீக்கே இல்ல சார். இன்னா பண்ணீங்க இத்த?"

நோட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"டெய்லி அளந்துகினு கீறீங்களா! இது இன்னா டயரா சார்? உள்ள கீறதே ஒரு கை காத்து. பம்பு மாட்டும்போதெல்லாம் அதோட டியூப்பு கொஞ்சம் காத்த இழுத்துக்கும். கழட்டுனா புஸ்ஸுனு பூடும். அது எங்கயும் ஓடல, நீங்கதான் எட்த்துகினு கீறீங்க."

"அளக்காம எப்படி பாய் தெரியும்?"

"ஏறிக் குந்துங்க, வண்டியே சொல்லும். சும்மா சும்மா நோண்டாதீங்க. இப்போ எவ்ளோ வெக்கட்டும், சிங்கிளா டபுளா?"

"டபுள்."

காலியான பின்சீட்டை ஒருமுறை பார்த்தார். பம்பை மாட்டி இருபத்தைந்துக்கு அடித்தார்.

ஒற்றை ஆளுக்கு அந்தக் காற்று அதிகம். ஆவடி வரை ஒவ்வொரு வேகத்தடையும் என்னைத் தூக்கிப் போட்டது.

அன்று மாலை போனில் டிக்கெட்டைப் பற்றி நோண்டவில்லை. குழந்தைக்குப் பல் வந்ததா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள்போல அவள் உடனே ஆரம்பித்தாள். பல், காய்ச்சல், மருமகன் சாம்பார் வைத்த கதை எல்லாம் சொன்னாள். வழக்கமாக ஐந்து நிமிடம், அன்று நாற்பது.

"வண்டி எப்படிங்க இருக்கு?" என்று கடைசியில் அவளே கேட்டாள்.

"உனக்கும் சேர்த்துத்தான் காத்து அடிச்சு வெச்சிருக்கேன்."

அங்கே குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அவ்ளோ வேணாங்க" என்றாள். "எறக்கிடுங்க. உங்களுக்கு முதுகு வலிக்கும்."

மறுநாள் காலை வால்வின் ஊசியை அழுத்திப் பத்துக்கு இறக்கினேன். முள்ளை நானே பார்த்தேன். ஏறி உட்கார்ந்ததும் வண்டி மெதுவாகத் தாழ்ந்து என்னைத் தாங்கியது. நோட்டை எடுத்துத் தேதியும் அழுத்தமும் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதுவதே வழக்கம். இம்முறை 'அவள் சொன்னாள்' என்று எழுதினேன்.