எந்த ஊட்டுல இழவு?

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு சாயங்காலம். ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்தில், இருபுறமும் விசைத்தறிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் தெருவில் நடந்தது இது.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இப்போது தறித் தொழிலாளர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதுவதும், கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிக் கவலைப்படுவதும் என் வேலை. காஸாவில் நடக்கும் போரை எதிர்த்து எங்கெங்கோ துறைமுகத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏற்ற மறுத்த செய்தியைப் படித்தபோது, நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசினோம். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் தறிகளை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

தெருவில் பதினாறு பட்டறைகள். பதினைந்து பேர் சரி என்றார்கள். தெருக்கோடியில் பெரிய பட்டறை வைத்திருப்பவர் மட்டும் மறுத்தார். மதத்தின் பேரால் கொடி பிடிக்கும் இளைஞர்களுக்குச் செலவு செய்பவர் அவர்தான்.

"நம்ம சனம் செத்தா அவுங்க எதையாச்சும் நிறுத்துவாங்களாங்க? எம்பட பட்டறைல எவனாச்சும் சுச்சுல கை வெச்சா, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லீருங்க."

அவரிடம் எங்கள் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். அன்று முழுவதும் இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தறி ஓடினால் மற்றவர்களும் இரண்டே நிமிடத்தில் ஓட்டிவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஆத்திரத்தில் நிறுத்தி வேலையை இழந்தாலோ, அந்தக் குடும்பத்தின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆறு மணி. பட்டறைகள் ஒவ்வொன்றாக நின்றன. வேப்பமரத்தில் காற்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது. எந்த வீட்டிலோ கடுகு வெடித்தது. வாசல் வழியே வந்த பஞ்சுத் தூசி, கீழே இறங்க மனமில்லாமல் மஞ்சள் வெயிலில் மிதந்தது. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய கைக்குழந்தைகள், சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக அழத் தொடங்கின. தண்ணீருக்கடியில் நின்று கேட்பதுபோல இருந்தது எனக்கு. கோடியில் பெரிய பட்டறை மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பின் தெருவிலிருந்து அந்தப் பட்டறைக்காரரின் சின்னம்மா ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் தெருவில் ஒரு சாவு விழுந்தால்தான் எல்லாத் தறிகளும் சேர்ந்து நிற்கும். பிணம் எடுக்கும்வரை யாரும் ஓட்ட மாட்டார்கள். சங்கத்தின் முடிவெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. மாரில் அடித்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"அட, நீங்க உசுரோட இருக்கறீங்களா! கணக்கரய்யாதான் போயிட்டாருன்னு அழுதுக்கிட்டு வாரேனுங்க."

தெருவே சிரித்தது.

"அப்பறம் எந்த ஊட்டுல இழவு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் பெரிய பட்டறை வாசலுக்குப் போனார். "ஏன்டா, தெருவுல இழவு உழுந்து கெடக்குது, நீ தறி ஓட்டிக்கிட்டு நிக்கற! வெக்கமா இல்ல?"

ஊர் பார்க்கிறது. பட்டறைக்காரர் மறுபேச்சில்லாமல் மெயின் சுவிட்சை இறக்கினார். இறக்கிய பிறகுதான் வாய் வந்தது.

"இழவும் இல்ல, ஒண்ணும் இல்ல சின்னம்மா. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ கொழந்தைங்க செத்ததுக்கு இவுங்க நாடகம் போடறாங்க."

"கொழந்தைங்களா?" அந்த அம்மா பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "எத்தனைங்க?" என்றார்.

"எண்ணி முடியலீங்கம்மா. இடிஞ்ச ஊட்டுக்குள்ளயே எத்தனையோ பேரு கெடக்கறாங்க."

"அப்ப, எப்ப எடுக்கறாங்க?"

துக்க வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பட்டறைக்காரரின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் முடிந்தது. அவர் ஏற்றவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தன் ஆட்களிடம், "போய் டீ குடிச்சுட்டு வாங்கடா" என்றார். அவர் முதலில் ஓட்டட்டும் என்று மற்றவர்களும் காத்திருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை தெரு அப்படியே கிடந்தது.

அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அடுத்த ஊர்வலத்தில் எங்களை எதிர்த்து முதலில் கூச்சல் போட்டவர்கள் அவருடைய இளைஞர்கள்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்கும் வேலை போகவில்லை. இன்னும் எடுக்கப்படாத அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவில்தான் கிடக்கிறார்கள் என்ற நினைப்போடுதான், ஓடுகிற பட்டறைகளைக் கடந்து நான் இன்றும் நடக்கிறேன்.