ஆறு நிமிடம் பத்து விநாடி

அந்தப் படிக்கட்டு இப்போதும் கனவில் வருகிறது. பதினொரு படி இறங்கினால் ஒரு திருப்பம். அப்படி நான்கு முறை. திருப்பங்களில் சுவருக்குப் பதிலாகத் துளைக்கற்களை அடுக்கிக் கட்டியிருந்தார்கள். மாலை ஆறரைக்கு மேல் சாய்ந்த வெயில் அந்தத் துளைகள் வழியே நுழைந்து, படிகளில் பூப்பூவாக விழும். தண்டவாளப் பக்கமிருந்து ரயில் பெட்டிகள் கோக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கும். கனவில் நான் இறங்கிக்கொண்டே இருக்கிறேன். படிகள் தீர்வதில்லை. எனக்குப் பயமும் இல்லை. எனக்கு முன்னால் யாரோ இறங்குகிறார்கள். இரும்பு பொருத்திய பூட்ஸின் சத்தம் மட்டும் வருகிறது. டக். ஓர் இடைவெளி. பிறகு டக்.

விழித்ததும் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்ப்பேன். எழுபத்தொன்றாம் ஆண்டிலிருந்து நாள் தவறாமல் எழுதி வருகிறேன்: கிழமை, நேரம், வானிலை, படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், கண்ணில் பட்டது. எண்பத்து நான்காம் ஆண்டு ஏட்டில் ஆகஸ்ட் மாதத்துப் பக்கங்கள் மேல் ஒருமுறை கூரை ஒழுகிவிட்டது. ஓரத்தில் எழுதிய தேதி எண்கள் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. கிழமைகள் தப்பின. ஊகித்து எண் போடுவது என் வழக்கமில்லை. ஆகவே இங்கே கிழமைகளை மட்டும் தருகிறேன்.

அப்போது பகலில் எனக்கு ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. மாலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பதிவேட்டு எழுத்தர். பெரியவர்களுக்கான பள்ளி அது. வேலை முடிந்து சட்டையில் எண்ணெய்க் கறையோடு வருபவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்த பெண்கள், எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்துசேர்ந்தவர்கள். மூன்று தளக் கடைவீடு. கீழே மோட்டார் சாமான் கடை. முதல் மாடியில் தட்டச்சு வகுப்பும் என் அலுவலகமும். இரண்டாம் மாடியில் தொலைபேசி ஆப்பரேட்டர் வகுப்பு. பெரிய கம்பெனிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வரும் அழைப்புகளை வாங்கி, உரியவருக்கு மாற்றிக்கொடுக்கும் வேலைக்கான பயிற்சி.

அந்த அறைதான் முதல்வரின் பெருமை. சிவப்பும் மஞ்சளுமாகக் கயிறுகள் தொங்கும் இரண்டு பழைய இணைப்புப் பலகைகள், அறையைக் குளிராக்கும் ஏர்கோன், தரை முழுக்க நீலக் கார்ப்பெட். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அவர் எழுதி ஒட்டியிருந்தார். ஒட்டாவிட்டாலும் கழற்றியிருப்பார்கள். நம் வீடுகளில் யார் செருப்போடு உள்ளே வருகிறார்கள்?

முதல்வர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய கருப்பு ஷூ. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பள்ளியின் அவசரகால நடைமுறைகளை எழுதும் பொறுப்பை அவர் என்னிடம் தந்தார். ஒன்பது பக்கம் எழுதினேன். தீயணைப்பான்கள் இருக்கும் இடம், மெயின் சுவிட்சை அணைப்பது யார், மணி அடிப்பது யார், எதிர்ச்சாரி மழைமரத்தடியில் எந்த வகுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அளவுகோல் வைத்து வரைபடமாகவும் போட்டேன். அந்த ஒன்பது பக்கங்களில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது.

ஆப்பரேட்டர் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவர்களில் ஒருத்தி டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். சிறு வயதில் வந்த போலியோவில் வலக்கால் மெலிந்துவிட்டது. தொடைவரை இரும்புப் பட்டை. அது பூட்ஸோடு சேர்த்துப் பொருத்தியது. கக்கத்தில் ஓர் ஊன்றுகோல். மற்றவர்களைப் போல வாசலில் கழற்றிவிட்டுப் போக அவளால் முடியாது. முதல் நாளே பழைய பச்சைத் திரைச்சீலைத் துணியில் இரண்டு உறைகள் தைத்துக்கொண்டு வந்தாள். வாசல் சுவரில் சாய்ந்து நின்று, பூட்ஸ்களின் மேல் அவற்றை மாட்டிக்கொண்டு கார்ப்பெட்டில் கால் வைப்பாள். இரண்டு பச்சை முயல்கள் நடந்து போவது போலிருக்கும்.

அவளுக்காகப் பள்ளி செய்த ஏற்பாடுகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன்: படியின் இருபுறமும் கைப்பிடி, திருப்பங்களில் ஒரு நாற்காலி, வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வர அனுமதி. மேலே 'சலுகைகள்' என்று தலைப்பு. அதை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்காதவர் இந்தப் பள்ளியில் யார், எல்லார் பேரையும் எழுதிவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தலைப்பை மாற்றவில்லை.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு ஆப்பரேட்டர் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். வருடக் கடைசிக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதுவரை அவள் பார்த்த வேலை, சித்தியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது மட்டும்தான்.

செப்டம்பரில் பொம்பாவிலிருந்து, அதாவது தீயணைப்புத் துறையிலிருந்து, அதிகாரிகள் வந்து எங்கள் ஒத்திகையைப் பார்ப்பதாக இருந்தது. அதற்கு முன்னால், காவலாளியான ஜாகா அண்ணனை மணி அடிக்கச் சொல்லி, நாங்களே ஒன்று நடத்திப் பார்த்தோம். நான்கு நிமிடத்துக்குள் கட்டடம் காலியாக வேண்டும் என்பது முதல்வர் தாமே வைத்துக்கொண்ட அளவு. என் குறிப்பு இப்படி இருக்கிறது:

"செவ்வாய். மாலை 7.05. தூறல். ஜாகா அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்து மணி அடித்தார். நான் கீழே நடைபாதையில், கைக்கடிகாரத்தோடு. தட்டச்சு வகுப்பு முழுவதும் வெளியே: 1 நிமிடம் 20 விநாடி. ஆப்பரேட்டர் வகுப்பின் கடைசி ஆள்: 6 நிமிடம் 10 விநாடி. ஒருவர் காலில் செருப்பு ஒன்று கருப்பு, ஒன்று பழுப்பு, எல்லாரும் சிரித்தார்கள்."

கடைசி ஆள் அவள்தான். தூறலில் மழைமரத்தடியில் எல்லோரும் திரும்பி நின்று அவள் வாசலைத் தாண்டி வருவதையே பார்த்தார்கள். டக், இடைவெளி, டக். அவள் நெற்றியில் வியர்வையா தூறலா என்று தெரியவில்லை.

மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு கோபமும் இல்லை," என்றார். "ஆனா நெருப்பு வந்தா, அது நிண்டு பாத்துக்கொண்டு இருக்குமோ?" கீழ்க்கடை அடுத்த ஆண்டு காலியாகும், வகுப்பைக் கீழே கொண்டுவரலாம், அப்போது அவள் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளட்டும், இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதும் என்றார். எழுதினேன். ஒரு பிழை இல்லாமல், கார்பன் வைத்து. காரணமாக இரண்டாம் பத்தியில் ஆறு நிமிடம் பத்து விநாடி என்று வந்தது. அது என் எண்.

வியாழக்கிழமை மாலை, வகுப்புக்குப் போகும் வழியில் மூச்சு வாங்கிக்கொள்ள அவள் என் அறையில் வந்து உட்கார்ந்தாள். கடிதம் மேசைமேல் இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை, வாயால் சொல்லவும் வரவில்லை. அவள் பக்கம் தள்ளி வைத்தேன். படித்தாள். சன்னலுக்கு வெளியே ஒரு சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது தீர்ந்த பிறகு நிமிர்ந்தாள்.

"அடுத்த வருசமா? அதுவரைக்கும் கிள்ளான்ல போன் அடிச்சிக்கிட்டே இருக்குமாக்கா?"

கடிதத்தின் இரண்டாம் பத்தியில் விரலை வைத்தாள்.

"நீங்க எங்க நின்னு டைம் பாத்தீங்க?"

கீழே என்றேன்.

"கீழ நின்னா நான் கடைசியா வர்றது தெரியும். ஏன் கடைசின்னு மேல நின்னாத்தான் தெரியும்லா."

நடந்ததை நீயே சாரிடம் சொல்லலாமே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நான் சொன்னா சாக்கு சொல்றேம்பாங்க. உங்க நோட்டு சொன்னா சார் நம்புவாரு."

அவள் எழுந்து போன பிறகு நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேதியைச் சரிபார்க்க மூன்று புத்தகங்களைப் புரட்டுகிறவள் நான். இதை ஒரே இடத்தில் நின்று எழுதியிருந்தேன். கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இன்னொரு ஒத்திகை வேண்டும், இந்த முறை நான் மேலே நிற்கிறேன் என்று முதல்வரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, சரி, தாமும் மேலே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதே நேரம் வந்தால் கடிதம் போகும் என்றும் சொன்னார்.

அடுத்த செவ்வாய் மழை இல்லை. வானம் மாம்பழ நிறத்தில் இருந்தது. முதல்வர் ஏழு மணிக்கு மேலே வந்து, தம் அறிவிப்புப்படியே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கார்ப்பெட்டில் நடந்துபோய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. ஏர்கோன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

எல்லோரும் ஒழுங்காக எழுந்தார்கள். ஒழுங்காக வாசலுக்கு வந்தார்கள். வந்ததும் குனிந்தார்கள்.

படிக்கட்டின் தலைப்பில் இருந்த அந்தச் சின்னத் தளத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கத்தான் இடம். அதில் இருபத்தொரு ஜோடிச் செருப்புகள், அரையிருட்டில், மூங்கில் படகுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. துளைக்கற்களின் வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டது. கைகள் துழாவின. "இது என்னோட சிலிப்பர் இல்ல," "அக்கா, காலை எடுங்க," "எல்லாம் பாட்டா சிலிப்பர்தான், எதையாவது போட்டுட்டுப் போலா" என்று மெல்லிய குரல்கள். யாரும் அவசரப்படவில்லை. யாரும் வெறுங்காலோடு போக நினைக்கவும் இல்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பது போல எல்லாம் நடந்தது.

அவள் எல்லோருக்கும் பின்னால், ஒரு கையைச் சுவரில் வைத்து நின்றாள். பச்சை உறைகளை அப்போதே கழற்றிப் பையில் வைத்துவிட்டாள். ஊன்றுகோலின் ரப்பர் முனை வைக்க அவளுக்கு ஒரு சாண் வெறுந்தரை வேண்டும். செருப்பின் மேல் வைத்தால் வழுக்கும். அந்த ஒரு சாண், கடைசிச் செருப்பு போகும்வரை கிடைக்கவில்லை.

இப்போது அவளுக்கு முன்னால் நின்றது ஒருவர் மட்டும். முதல்வர். அவர் ஒரு முழங்காலை மடக்கி, அரையிருட்டில் ஷூ கயிற்றைத் துளையில் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஷூவுக்குப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சார்," என்றாள் அவள், மிக மெதுவாக. "நான் பின்னால நிக்கிறேன். அவசரம் இல்ல, நீங்க கட்டிட்டுப் போங்க."

அவர் கைகள் கயிற்றிலேயே நின்றன. அண்ணாந்து அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி, அவளுக்கு வழி விட்டார்.

அவள் இறங்கினாள். இடது கை கைப்பிடியில். ஊன்றுகோல் வலக் கக்கத்தில். பதினொன்று, திருப்பம். பதினொன்று, திருப்பம். எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. வெளிச்சப் பூக்கள் அவள் முதுகில் ஏறி ஏறி இறங்கின. அவள் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஒரு காலில் ஷூவும் மறுகாலில் காலுறையுமாக முதல்வர்.

குறிப்பு: "மணியிலிருந்து அவள் முதல் படியில் கால் வைக்கும்வரை: 4 நிமிடம் 5 விநாடி. அவள் இறங்கியது: 1 நிமிடம் 50 விநாடி."

மழைமரத்தடியில் அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். போன வாரத்துக் குறிப்பையும் காட்டினேன். ஒன்று கருப்பு, ஒன்று பழுப்பு. அது அங்கேயே இருந்திருக்கிறது; வேடிக்கை என்று எழுதி வைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, "அந்தக் கடிதத்தைத் தாரும் பிள்ளை," என்றார். இழுப்பறையைத் திறந்து மூலத்தையும் கார்பனையும் கொண்டுவந்து கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

சனிக்கிழமை அவரும் ஜாகா அண்ணனும் சேர்ந்து கார்ப்பெட்டைச் சுருட்டினார்கள். திங்கட்கிழமை வகுப்பு வந்தது. வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். போட்டுக்கொண்டே உள்ளே வாங்கோ என்று முதல்வர் வாசலில் நின்று நான்கு மாலைகள் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பெண்கள் கடைசிவரை ஒப்பவில்லை. கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டார்கள். மணி அடித்தால் பையோடு இறங்குவதாகச் சொன்னார்கள். என் ஒன்பது பக்கங்கள் பத்தாயின. கோப்பின் தலைப்பை அடித்துவிட்டு 'படிக்கட்டு' என்று எழுதினேன்.

அதிகாரிகள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மூன்று நிமிடம் நாற்பது விநாடி. இடது கைப்பிடியை அவளுக்கு விட்டு, மற்றவர்கள் வலப்பக்கம் இறங்கினார்கள். அவள் வெளியே வந்தது தன் வகுப்பில் ஒன்பதாவது ஆளாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி தீயணைப்பானின் முத்திரையைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பரில் தேர்வு. டிசம்பரில் அவள் சான்றிதழ்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மைக்கறையை என் மேசைத் துணியில் துடைத்துவிட்டுப் போனாள்.

எண்பத்தேழில் அப்பாவைக் கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு பிற்பகல், அலுவலகத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்தேன். மலாயில் வணக்கம் சொன்ன குரல், நான் அப்பாவின் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறியது.

"அக்காவா? இப்ப எங்க நிக்கிறீங்க, மேலயா கீழயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மேலேதான் என்றேன்.

"இருங்க, லைன் போடுறேன்," என்றாள்.

தூரத்தில் எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. அன்றைய குறிப்பில் நேரம் இல்லை.