பெட்டிக்கு ஏற்ற எலும்புக்கூடு

முனீஸ்வரிக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே பதவிதான்: தேனி பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையின் தற்காலிக ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடம் எந்த ஊரில் தற்காலிகம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. செத்த ஆட்டையும் கோழியையும் வேகவைத்து, சதையைச் சுரண்டி, எலும்பைக் காயப்போட்டு, கம்பி கோத்து நிறுத்துவது அவள் வேலை. வருசநாட்டுக்காரி. அப்பன் மலைமாடு மேய்த்தவர். ஆடோ மாடோ, எந்த உருப்படி எப்படிக் கால் எடுத்து வைக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓர் எலும்பைத் தடவிப் பார்த்தே இடதுகாலா வலதுகாலா என்று சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்றார்கள். கோப்பு நகர்ந்துவிட்டது; துறைத்தலைவர் ஞானசிகாமணியின் பரிந்துரை ஒன்றுதான் பாக்கி. "பொன்விழா முடியட்டும், எழுதிரலாம்" என்று அவரும் சொல்லியிருந்தார்.

கல்லூரிப் பொன்விழாவுக்காகத்தான் ஒரு டைனோசர் எலும்புக்கூடு வந்தது. நிஜ எலும்பு அல்ல, அச்செடுத்து வார்த்த ஃபைபர் எலும்புகள். பெரிய கன்றுக்குட்டி அளவு. நாலு காலில் நடந்த செடிதின்னி. ஆனால் அது வருவதற்கு முன்பே கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. அங்கேதான் பிடித்தது சனியன். போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரின் நன்கொடை. தேக்குச் சட்டம், பித்தளைத் தகட்டில் அவர் பெயர். ஊர்வன இனம்தானே, உடும்பு மாதிரி பம்மித்தான் கிடக்கும் என்று ஞானசிகாமணி நீளமாகவும் அகலமாகவும் முழங்கால் உயரத்துக்கும் அளவு கொடுத்திருந்தார்.

எலும்புகளை மேசையில் பரப்பியதுமே முனீஸ்வரிக்குத் தெரிந்துபோனது. அலமாரியிலிருந்த பழைய உடும்பின் தொடை எலும்பை ஒரு பக்கமும் ஆட்டின் தொடை எலும்பை மறுபக்கமும் வைத்து, ஞானசிகாமணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சார், இங்கன பாருங்க. உடும்புக்குத் தொடை எலும்போட தலை நீட்டுவாக்குல இருக்கு. அதான் காலப் பரப்பி நடக்குது. இதுக்கு ஆட்டுக்கு மாதிரி தலை உள்பக்கமாத் திரும்பியிருக்கு. இடுப்புல தொடை மாட்டுற எடத்துக்கு மேல விளிம்பு தடிச்சிருக்கு, மேலருந்து எறங்குற பாரத்தத் தாங்கத்தான். இது கால ஊனி நிமிந்து நின்ன உருப்படி சார். பரப்பி வச்சா தொடை இடுப்புல நிக்காது."

ஞானசிகாமணி எலும்பைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார்.

"நிமுத்தி வச்சா முதுகு எங்க போகும்? பெட்டியப் பேத்துருவமா? ஏலக்காய்க்காரருக்கு நீ பதில் சொல்றியா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒன் ஃபைல் என் மேசையிலதான் கெடக்கு முனீஸ்வரி" என்றார்.

முனீஸ்வரி கம்பியை எடுத்தாள். நிற்க மாட்டேன் என்ற தொடையைக் கம்பி போட்டு முறுக்கினாள். முட்டியைத் தப்பாக மடித்தாள். வாலைத் தரையோடு இழுத்துப் போட்டாள். மூன்று நாள் ஆயிற்று. இத்தனை வருடத்தில் தெரிந்தே தப்பாகக் கோத்தது அது ஒன்றுதான்.

விழாவன்று சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து இடுப்பைப் பார்த்தவர், பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார். "இப்படி ஓரடி வச்சிருந்தாலே கால் கழண்டு விழுந்திருக்குமே. யார் மாட்டினது?"

கல்லூரி முதல்வர், ஏலக்காய்க்காரர், பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். ஞானசிகாமணி எச்சில்கூட விழுங்கவில்லை. "எங்க லேப் அட்டெண்டர் சார். அவங்களுக்கு அவ்வளவு படிப்பு இல்ல. நான் அந்த வாரம் விடைத்தாள் திருத்தப் போயிட்டேன்."

முனீஸ்வரி காபித் தட்டோடு கதவோரம் நின்றாள். அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. சொல்லியிருக்கலாம். கோப்பு இன்னும் அவர் மேசையில் கிடந்தது, சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோப்பு திரும்பியது. "பணியில் கவனக்குறைவு. தற்காலிகமாகவே தொடரலாம்." கீழே ஞானசிகாமணியின் கையெழுத்து. கூடவே இன்னொரு தாள்: எலும்புக்கூட்டைச் சரியாகக் கோத்து நிறுத்த வேண்டும்.

நிறுத்தினாள். மேல்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாலு காலையும் உடம்புக்கு நேர்கீழே ஊன்றி, வாலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். முதுகும் தலையும் பெட்டிக்கு வெளியே நிமிர்ந்தன. இப்போது ஞானசிகாமணி அதன் பக்கத்தில் நின்றுதான் வகுப்பெடுக்கிறார். "தொடை எலும்போட தலை உள்பக்கமாத் திரும்பியிருக்கு, பாருங்க. உடும்பையும் ஆட்டையும் பக்கத்துல வச்சாலே வெளங்கிரும்." முனீஸ்வரி அங்கேயே தூசி துடைத்துக்கொண்டு கேட்கிறாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடச் சிந்தவில்லை அந்த மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது புருஷன் சுருளிவேல் கேட்டான். "அத்தன பேர் நின்னாகள்ல, ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

முனீஸ்வரி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"இருவத்திரண்டு வருசம் வளஞ்ச முதுகு, ஒரு நாளுல நிமிருன்னா நிமிருமா? நாளைக்கு என் எலும்பத் தோண்டி எடுத்தாகன்னா, பாத்த ஒடனே சொல்லிருவாக, இது குனிஞ்சே கெடந்த உருப்படின்னு. அதுல மட்டும் ஒருத்தரும் தப்புப் பண்ண மாட்டாக."