சாகுல் அண்ணனின் இடது கண்

நடுவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் செய்தி வந்தது: சாகுல் அண்ணன் மௌத், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். தொழிற்சாலையில் என் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டார். "எங்க ரெஃப்ரி போயிட்டார்" என்றேன். மேலே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரிடம் கத்தியிருப்பேன். எனக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சூலியா தெரு நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் குழம்பு ஊற்றியவர். வார இறுதிகளில் பினாங்கின் திடல்களில் விசில் ஊதியவர். பதினோரு வருடம் நான் அவருக்குக் கோட்டோரம் கொடி பிடித்த லைன்ஸ்மேன்.

உலகக் கால்பந்தில் நடந்த ரகளைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். டாஸ் போடுமுன் இரண்டு கேப்டன்களையும் அழைத்து ஒன்றை அவிழ்த்து விடுவார். சிலியில் நடந்த உலகக் கோப்பையில், வெளியேற்றப்பட்ட இத்தாலிக்காரர் போகமாட்டேன் என்று நிற்க, போலீஸ் வந்து இழுத்துப்போன கதை அவருக்குப் பிடித்தமானது. பாகான் டாலாம் திடலில் ஒருமுறை, பந்து உருளுமுன்பே இரு கேப்டன்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தகுதிச் சுற்று ஆடிய கையோடு எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் போருக்கே போனதை அவர்களிடம் சொன்னார். "அவங்ககிட்ட பிளேன் இருந்துச்சு, குண்டு போட்டாங்க. உங்ககிட்ட இருக்கறது மோட்டார்சைக்கிள்தான்லா. ஆடி முடிச்சு அதுல வீட்டுக்குப் போங்க." இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று அவர் மஞ்சள் அட்டையைக்கூட எடுக்கவில்லை.

தாசேக் கெலுகோரில் நடந்த அரையிறுதியில் கதை எடுபடவில்லை. முதல் பாதியிலேயே ஒருவனுக்கு மூக்குடைந்தது, இன்னொருவனுக்குத் தோளில் பல் பதிந்தது. கடைசி நிமிடத்தில் சேகர் என்ற ஆட்டக்காரன் அடித்த பந்து வலைக்குள் போனது. நான் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினேன். அண்ணன் விசில் ஊதினார், கோல் செல்லாது. கூட்டம் கோட்டைத் தாண்டி வந்தது. சேகர் யாரிடமிருந்தோ ஹெல்மெட்டைப் பிடுங்கி அண்ணன் முகத்தில் இறக்கினான். விழுந்தவரை மிதித்தார்கள். நான் கொடிக்கம்பால் அகப்பட்டவன் மண்டையெல்லாம் அடித்துக்கொண்டு போனேன். இடது கண்ணைப் பொத்திய அவர் விரல்களின் இடையே ரத்தம் வழிந்தது. "கொடியைக் கீழ போடுலா. யார் கண்ணையாச்சும் குத்திடப் போறே" என்றார்.

கண் போய்விட்டது. சேகருக்குச் சிறையும் வாழ்நாள் தடையும் கிடைத்தன. அடிபட்ட மூன்றாம் நாள் மருத்துவமனையில் அண்ணன் கேட்டார்: "நெசமாவே ஆஃப்சைடா?"

அன்று கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவன் என் அம்மாவை இழுத்துத் திட்டியிருந்தான். நான் திரும்பி அவனுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுபடி பார்க்கும்போது சேகர் தனியாக நின்றான், கொடியைத் தூக்கிவிட்டேன். "நான் பாக்கவே இல்லண்ணே" என்றேன்.

அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து முகத்தருகே இழுத்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரிப்போர்ட்ல என் முடிவுன்னு எழுதியாச்சு. அறுபத்தாறு வேர்ல்டு கப் ஃபைனல் தெரியும்ல? பந்து கோட்டைத் தாண்டிச்சான்னு ரெஃப்ரி ஓடிப்போய் லைன்ஸ்மேனைக் கேட்டான். லைன்ஸ்மேன் ஆமான்னான். சாகற வரைக்கும் உலகம் அந்த லைன்ஸ்மேனைத்தான் கேட்டுச்சு. விசில் யார் வாயில இருந்துச்சு? பழியும் விசில் ஊதினவனுக்குத்தான் போகணும். நான் இருக்கற வரைக்கும் நீ வாயைத் தொறக்காதே. உன் கண்ணும் போக வேணாம்."

அந்த வார்த்தை எனக்கு வசதியாகப் போயிற்று. வருடக்கணக்கில் ஊர் அவரைக் கோல் திருடன் என்றது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி விசிலைத் தொடவில்லை. கடைக்குப் போனால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தட்டைப் பார்த்துக் குழம்பு ஊற்றுவார். மீன் துண்டை வைத்துவிட்டு, "முள்ளு இருக்கு தம்பி, பாத்துச் சாப்பிடு" என்பார். பாதிச் சோற்றில் நான் எழுந்து போன நாட்கள் உண்டு.

அடக்கத்துக்குச் சேகரும் வந்திருந்தான். உடலைத் தூக்கிய சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். முடிந்து வெளியே வந்ததும், "நல்ல மனுஷன்தான்ணே. ஆனா அந்தக் கோலை மட்டும் கொடுத்திருக்கலாம்லா" என்றான். அவனை மதிலோரம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டான். பிறகு, "அப்ப நான் யாரைண்ணே அடிச்சேன்?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவன் கை என் வாயில் இறங்கியது. விழுந்தேன். எழுந்தேன். மறுபடி அடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக நான் திருப்பி அடிக்கவில்லை. மூன்றாவது முறை ஓங்கியவன் மதிலில் தலையை வைத்து அழுதான்.

உதட்டில் தையலோடு இதை எழுதுகிறேன். சாகுல் அண்ணனைத் தெரிந்தவர்களே, அது நல்ல கோல். லைன்ஸ்மேன் பார்க்காதது ஆஃப்சைடு இல்லை. அண்ணன் எதையும் திருடவில்லை. என்னை நம்பி விசில் ஊதினார், அவ்வளவுதான். இத்தனை வருடம் அவர் சுமந்த கெட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். இனி யாராவது அந்தக் கோலைப் பற்றிப் பேசினால், என் பெயரைச் சொல்லுங்கள்.